திறந்த கதவுகள்

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் கொரியா, ஜப்பான், ஜெர்மனி ஆகிய நாடுகளைச் சேர்ந்த நிறுவனங்களின் ஆலைகள் இயங்குகின்றன. அந்நாட்டு மொழிகளைக் கற்று, உயர்கல்விக்காகவோ பயிற்சிக்காகவோ அங்குச் செல்லும் இளைஞர்களும் உள்ளனர். இலக்கணத்தை வகுப்பறையில் கற்கலாம். ஆனால், அம்மொழி எந்த வாழ்விலிருந்து பிறந்தது என்பதை அறிய ஊருக்குள் செல்லவேண்டும். அதற்கு உதவுவது மரபுச் சின்னங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கும் நாளாகும்.

தோற்றமும் பரவலும்

1984ஆம் ஆண்டு, பிரான்சின் பண்பாட்டு அமைச்சராக இருந்த ஜாக் லாங்கின் முயற்சியால் அந்நாட்டின் வரலாற்றுக் கட்டடங்கள் ஒருநாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. 1991இல் ஐரோப்பியப் பேரவை இதனை ‘ஐரோப்பிய மரபு நாள்கள்’ எனப் பல நாடுகளுக்கும் விரிவாக்கியது. ஜெர்மனியில் 1993 முதல், செப்டம்பர் மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை இந்நாள் கொண்டாடப்படுகிறது. வழக்கமாக மூடியிருக்கும் பழைய வீடுகள், ஆலைகள், பட்டறைகள் ஆகியவை அன்று திறக்கப்படுகின்றன. பெரும்பாலான இடங்களில் கட்டணம் இல்லை. உரிமையாளர்களும் தன்னார்வலர்களும் கைவினைஞர்களும் வருவோருக்கு விளக்கம் அளிக்கின்றனர்.

மொழி கற்போர் பெறும் பயன்

பாடநூலில் ‘வீடு’ என்னும் சொல்லைக் கற்ற மாணவர், அங்கே உத்தரம், காரை, கீல், தாழ்ப்பாள் ஆகியவற்றுக்குரிய சொற்களைப் பொருளோடு சேர்த்துக் கேட்கிறார். தம் தாத்தா வீட்டின் சுண்ணாம்புச் சுவரை நினைத்து, “இதனை எவ்வாறு செப்பனிட்டீர்கள்?” என்று வினவுகிறார். உரையாடல் தொடங்குகிறது. அப்போது அவரிடமும் ஒரு வினா திரும்பி வரலாம்: “உங்கள் ஊரில் காணத்தக்கவை யாவை?”

நம் ஊரின் மரபு

இவ்வினாவுக்குக் கூற நம்மிடம் விடைகள் உண்டு. திருப்பெரும்புதூர், இராமாநுசர் பிறந்த ஊர். ஒரகடத்துக்கு அருகிலுள்ள வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் இடைக்கற்காலக் கற்கருவிகள் கிடைத்தன. வாகனங்கள் உருவாகும் இந்நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் கருவி செய்திருக்கிறான். எனினும், சாலைகளும் மனைப்பிரிவுகளும் விரைந்து பெருகும் இடத்தில், உள்ளூர் மக்கள் அறியாத சின்னம் ஒரே நாளில் அழிந்துவிடக்கூடும். அழிந்தது இன்னதென்று சொல்லவும் ஆள் இருக்காது.

நம் நாட்டிலும் ஏப்ரல் 18 உலக மரபு நாளாகவும், நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரமாகவும் கொண்டாடப்படுகின்றன. சென்னையில் 2004 முதல் ஆர்வலர்கள் ஆகஸ்டு மாதத்தில் ‘சென்னை நாள்’ கொண்டாடி, மரபு நடைகளை நடத்திவருகின்றனர். தொழிற்பகுதியின் சிற்றூர்களிலும் இத்தகைய நாள் அமையலாம். பழைய ஏரி மதகு, கல்வெட்டு, திண்ணை வீடு ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றைப் பற்றி ஊர்ப் பெரியோரிடம் கேட்டு எழுதுவதை மாணவர்களே தொடங்கலாம். அயல்நாட்டில் அவ்வினாவை எதிர்கொள்ளும் நாளில் அக்குறிப்பேடு கைகொடுக்கும். அதற்கு முன்பே, சொந்த ஊரின் சின்னங்களைக் காக்கவும் அது துணைநிற்கும்.