சுமை குறைந்தால் வேகம் கூடுமா?

சுமை குறைந்த வண்டி விரைந்தோடும் என்பது நாம் அறிந்ததே. மரபுத் தொகுதி சிறுத்த நுண்ணுயிரும் அவ்வாறே விரைந்து பெருகும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று.

நம் குடலில் வாழும் ஈ.கோலையின் மரபுத் தொகுதி ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்துகளைக் கொண்டது. அதனைப் படியெடுக்க 40 நிமிடம் செல்லும். ஆயினும் நல்லுணவு கிடைப்பின் அது 20 நிமிடத்திற்கொருமுறை இரண்டாகிறது! எங்ஙனம்? முன்சென்ற வண்டி கடைசி நிலையத்தை அடையுமுன்னரே அடுத்த வண்டியை அனுப்புவதுபோல, முதற்படி முடியுமுன்னரே மறுபடியைத் தொடங்கிவிடுகிறது. கூப்பர், ஹெல்ம்ஸ்டெட்டர் என்னும் அறிஞர் இருவர் 1968-இல் இதனை விளக்கினர்.

மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்னும் கிருமிக்கோ 5,80,000 எழுத்துகளே உள. தனக்கு வேண்டும் பொருள்கள் பலவற்றைத் தானே ஆக்கும் திறனிழந்து, மனித உடலை அண்டிப் பிழைப்பது அது. அது இரட்டிக்கப் பல மணி நேரமாகிறது.

காசநோய்க் கிருமியின் தொகுதி 44 இலட்சம் எழுத்துகள், ஏறக்குறைய ஈ.கோலைக்கு நிகர். எனினும் அது இரட்டிக்க ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். ஆகவே, தொகுதியின் அளவு மட்டுமே வேகத்தை வகுப்பதில்லை. வாழும் முறையும் சேர்ந்தே வகுக்கிறது.

இதில் நம் குடும்பங்களுக்கும் ஒரு பாடமுண்டு. மெல்ல வளரும் கிருமியை மருந்தும் மெல்லவே வெல்லும். அதனாற்றான் காசநோய்க்குப் பொதுவாக 6 மாதம் மருந்துண்ணச் சொல்கின்றனர். இருமல் நின்றதென்றோ, ஊருக்குப் புறப்படும் அவசரத்திலோ இடையில் நிறுத்தினால், எஞ்சிய கிருமி மீண்டும் தலைதூக்கும். பயணத்திற்கு மூட்டை கட்டும்போது மருந்தையும் மறவாது கட்டுவோமாக!