எட்டுப் பெயர் எழுத முடியுமா?

மாணவர்களே, ஒரு தாளை எடுத்து அடியில் உங்கள் பெயரை எழுதுங்கள். அதற்கு மேல் அப்பா, அம்மா. அதற்கும் மேல் தாத்தா, பாட்டி என நால்வர். இதுவரை எளிது. இனி, கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எட்டுப் பேரின் பெயரையும் எழுதுங்கள் பார்க்கலாம்.

மரபியல் பாடம் வரும்போதெல்லாம் என் வகுப்பில் இதைச் செய்யச் சொல்வேன். எட்டையும் எழுதியவரை இன்னும் நான் பார்க்கவில்லை. இரண்டு மூன்று பெயர்கள் வரும். அவையும் பெரும்பாலும் ஆண்களின் பெயர்கள். காரணம் நம் அடையாள அட்டையிலேயே இருக்கிறது. உங்கள் பெயரோடு அப்பா பெயர், அப்பாவின் அட்டையில் தாத்தா பெயர், தாத்தாவின் அட்டையில் கொள்ளுத்தாத்தா பெயர் என ஏணிபோல் ஏறலாம். அந்த ஏணியில் பாட்டிகளுக்குப் படி இல்லை.

ஏணியும் நெடுந்தூரம் போகாது. நம்மில் பலரின் முன்னோர் கங்காணியோடு நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். தோட்டத்துச் செக்ரோலில் பெயர் ஏறியது. அதற்கு முந்திய கதை கேட்டால் "சேலம் பக்கம்", "தஞ்சாவூர்ப் பக்கம்" என்பதோடு முடிந்துவிடும்.

சரி, ஆவணம் எல்லாம் கிடைத்தால் எவ்வளவு தூரம் போகலாம்? கணக்குப் போடுவோம். ஒவ்வொரு தலைமுறைக்கும் எண்ணிக்கை இரட்டிப்பாகும். 2, 4, 8, 16... பத்தாம் தலைமுறையில் 1,024 பேர். இருபதாவதில் பத்து இலட்சத்தைத் தாண்டும். முப்பதாவதில் 107 கோடி! தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் அது 750 ஆண்டுகளுக்கு முந்திய காலம். அன்று உலகம் முழுவதிலும் 50 கோடிப் பேர்கூட இல்லை. பிறகு உங்களுக்கு மட்டும் 107 கோடி முன்னோர் எங்கிருந்து வந்தார்கள்?

விடையை எனக்குக் காட்டியவள் ஒரு மாணவி. "டீச்சர், எனக்கு எட்டு வரவில்லை, ஆறு பேர்தான் வருகிறார்கள். தப்பா?" என்று தயங்கியபடி தாளை நீட்டினாள். தப்பே இல்லை. அவளுடைய அப்பா, அம்மாவுக்கு மாமன் மகன். அப்பாவின் அப்பாவும் அம்மாவின் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். ஆகவே ஒரே கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் மரத்தில் இரண்டு இடங்களில் அமர்ந்திருந்தார்கள். நம் முறைத் திருமணங்களில் இது மூன்றாம் தலைமுறையிலேயே தெரிந்துவிடுகிறது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் தெரியும், அவ்வளவுதான். மேலே போகப் போக ஒரே ஆள் நூற்றுக்கணக்கான இடங்களில் வருவார். விரிந்துகொண்டே போகும் மரம் ஒரு கட்டத்தில் வலையாகிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. மரத்தில் பெயர் இருக்கிறது என்பதற்காக அவருடைய டிஎன்ஏ உங்களிடம் இருக்க வேண்டும் என்பதில்லை. அப்பாவிடமிருந்து 23, அம்மாவிடமிருந்து 23 என உங்களுக்குக் குரோமோசோம்கள் வந்தன. விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்போது தாத்தாவின் துண்டும் பாட்டியின் துண்டும் கலைத்துச் சேர்க்கப்படுகின்றன. துண்டுகள் பெரியவை, எண்ணிக்கையோ குறைவு. ஆகவே பத்துத் தலைமுறைக்கு முந்திய 1,024 பேரில் பலருக்கு உங்கள் குரோமோசோம்களில் ஒரு துண்டுகூட இருக்காது. "எங்கள் பரம்பரையில் ஓர் அரசர் இருந்தார்" என்று யாராவது பெருமையடித்தால், இருந்திருக்கலாம், அவருடைய டிஎன்ஏ வந்து சேர்ந்ததா என்பதுதான் சந்தேகம்.

அப்படியானால் எத்தனை தலைமுறை தெரிந்தால் போதும்? மருத்துவர்கள் பொதுவாக மூன்று தலைமுறையைக் கேட்பார்கள். படிவம் நான்கில் பள்ளியிலேயே தலசீமியா இரத்தப் பரிசோதனை நடக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். மாறிய மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர் பொதுவாக நலமாகவே இருப்பார். கணவன் மனைவி இருவருமே அதைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்த மாணவியின் மரத்தைப் பாருங்கள். இரண்டு இடங்களில் அமர்ந்திருக்கும் கொள்ளுத்தாத்தாவிடம் அப்படியொரு மரபணு இருந்திருந்தால், அது ஒரு வழியில் அப்பாவுக்கும் மறு வழியில் அம்மாவுக்கும் வந்திருக்கலாம். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே நீட்டிய அந்த "ஆறு", மருத்துவர் முதலில் கேட்க விரும்பும் செய்தி. பரிசோதனைக்குப் போகத் தயங்கிக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு தானாகவே கையெழுத்துப் படிவத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

பாட்டிகளுக்கு ஏணியில் படி இல்லை என்றேன் அல்லவா? உயிரணுவுக்குள் இருக்கிறது. மைட்டோகாண்டிரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. அது கலையாமல் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போன ஆய்வாளர்கள், ஆப்பிரிக்காவில் சுமார் இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் எல்லார் கோடும் சேர்வதாக 1987இல் வெளியிட்டார்கள். அன்று வேறு பெண்களும் இருந்தார்கள். அவர்களுடைய தாய்வழிக் கோடு மட்டும் இடையில் எங்கோ மகள் இல்லாமல் நின்றுபோனது.

என் தாளிலும் ஒரு கட்டம் காலிதான். என் அம்மாவின் பாட்டி பால்மரம் வெட்டியவர். லயத்தில் எல்லாரும் அவரை "ஆயா" என்றே கூப்பிட்டார்களாம். பெயரைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியபோது, அது தெரிந்த கடைசி ஆளான என் பாட்டியும் இல்லை. ஆயாவின் மைட்டோகாண்டிரியா என் ஒவ்வொரு தசையிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. உங்கள் பாட்டி வீட்டில் இருந்தால், இந்த வார இறுதியிலேயே தாளோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். முதலில் அவருடைய அம்மாவின் பெயரைக் கேளுங்கள்.