சந்தா மென்பொருளுக்கு ரூ.15,000 தடை

புதுதில்லி: சந்தா முறையில் மென்பொருள் விற்கத் தொடங்குவோர் போடும் முதல் கணக்கு, வாடிக்கையாளரின் அட்டையிலிருந்து மாதந்தோறும் பணம் தானாக வந்துவிடும் என்பதே. 2021 அக்டோபர் 1-ல் அக்கணக்கு தப்பியது. பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் தர வேண்டும், ரூ.5,000-ஐத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் கடவுச்சொல் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி அன்று முழுமையாக அமலானது.

கேளாமல் பணம் பிடிப்பதைத் தடுத்தது நியாயமே. 2022 ஜூனில் வரம்பு ரூ.15,000 ஆக உயர்ந்தது. ஆனால், 2023 டிசம்பரில் காப்பீடு, பரஸ்பர நிதி, கடன் அட்டை நிலுவை ஆகியவற்றுக்கு ரூ.1 லட்சம் வரை சலுகை தந்தபோது மென்பொருள் விடுபட்டது. ஓர் அலுவலகத்தின் ஆண்டுச் சந்தா ரூ.15,000-ஐ எளிதில் தாண்டிவிடும். கடவுச்சொல் வரும் கைபேசியோ முதலாளியின் சட்டைப்பையில். அவர் கவனிக்கத் தவறினால் சந்தா அறுந்துபோகும். பெரிய நிறுவனங்கள் இதைத் தாங்கும். நூறு வாடிக்கையாளர்களை நம்பிச் சம்பளம் போடும் புதியவர்தான் தவிப்பார்.