புற்றுநோய்க் கலம் தன் காயத்தை ஆற்றாதிருக்க...

வைத்தியசாலையில் எம்மவரின் பெற்றோருக்கு மொழிபெயர்த்து நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்தம் பிள்ளைகளே. கதிர்ச் சிகிச்சை என்றதும் அப்பிள்ளைகளிடம் ஒரு கேள்வி வந்து சேரும்: "இத்தனை கிழமை ஏன் அலையவேண்டும்? ஒரே நாளில் முழுவதையும் தந்துவிட்டால் என்ன?" இக்கேள்விக்கான விடையே புற்றுநோய் ஆய்வின் புதிய முயற்சியொன்றுக்கும் வாசலாக அமைகின்றது.

கதிர்வீச்சு புற்றுநோய்க் கலத்தைச் சுட்டெரிப்பதில்லை. பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழைகளை முறிக்கின்றது. 1 கிறே அளவு கதிர், ஒரு கலத்தில் ஏறத்தாழ 40 இடங்களில் இரு இழைகளையும் ஒருங்கே அறுக்கும். வழக்கமாக ஒரு நாளைக்கு 2 கிறே அளவே வழங்கப்படும். கலமும் சும்மா இருப்பதில்லை. சுவர் இடிந்த வீட்டுக்கு மேசன்மார் வருவதுபோல், ஏ.ரி.எம். முதலிய புரதங்கள் விரைந்து முறிவுகளைத் திருத்துகின்றன. நலமான கலங்கள் பொதுவாக இவ்வேலையைச் செவ்வனே செய்துவிடும். அவை தேறுவதற்கு அவகாசம் தரவே சிகிச்சை பல நாட்களுக்குப் பகிரப்படுகின்றது.

அவ்வாறாயின், புற்றுநோய்க் கலத்தின் மேசன்மாரை மட்டும் தடுத்துவிட்டால்?

இதற்கு இயற்கையே ஒரு சான்று தந்துள்ளது. ஏ.ரி.எம். மரபணு பழுதுற்றுப் பிறக்கும் பிள்ளைகள் சிலர் உள்ளனர். மற்றையோர் தாங்கும் கதிரளவே அவர்களுக்குக் கடுந்தீங்கு விளைவிக்கும். அம்மரபணு 1995 இல் அடையாளம் காணப்பட்டது.

மரபணுவொன்றை மௌனமாக்கும் வழியோ எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1990 இல் பெற்றூனியாப் பூவின் ஊதா நிறத்தை மேலும் ஆழமாக்க அதே மரபணுவைக் கூடுதலாகச் செலுத்தினர். பல பூக்கள் வெண்மையாயின. 1998 இல் அன்ட்ரூ ஃபயரும் கிறெய்க் மெலோவும் நுண்புழுவொன்றில் இதன் சூத்திரத்தை விளக்கி, 2006 இல் நோபல் பரிசு பெற்றனர். மரபணு என்னும் மூலவேடு பெட்டகத்தில் பத்திரமாகவே இருக்கும். அதைப் பார்த்தெழுதிய ஆர்.என்.ஏ. என்னும் கட்டளையோலை மாத்திரம் வேலைத்தலத்தை அடையுமுன் கிழிக்கப்படும். கட்டளை இல்லையேல் புரதம் இல்லை. இவ்வோலையைக் கிழிக்கும் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகள் மனிதக் கலங்களிலும் செயற்படும் என்பது 2001 இல் நிறுவப்பட்டது. ஆய்வுகூடத்தில் வளர்த்த புற்றுநோய்க் கலங்களில் ஏ.ரி.எம். போன்ற திருத்தும் மரபணுக்களை இவ்வாறு மௌனமாக்கியபோது, அதே கதிரளவுக்கு முன்னரிலும் கூடுதலான கலங்கள் மடிந்தன.

ஆயின் கண்ணாடிக் கிண்ணம் வேறு, மனித உடல் வேறு. குருதியில் செலுத்தப்படும் ஆர்.என்.ஏ. விரைவில் சிதையும். கொழுப்புத் துணிக்கையில் பொதிந்து அனுப்பினாலும் அது பெரும்பாலும் ஈரலையே நாடிச் செல்லும். 2018 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இவ்வகையின் முதல் மருந்து ஈரலில் செயற்படுவது தற்செயலன்று, அதுவும் புற்றுநோய்க்கானதன்று. கட்டியை மட்டும் தேடிச் சென்று, பக்கத்து நலமான கலத்தின் மேசனைத் தீண்டாது விடுவதே தீராத சிக்கல். கதிர்ச் சிகிச்சைக்குத் துணையாக இவ்வகை மருந்தெதுவும் இன்னும் வழக்கில் வரவில்லை.

எனவே 'மரபணு மருந்து' எனக் காசு கேட்போரை நம்பி, குறித்த சிகிச்சை நாட்களைத் தவறவிடாதீர்கள். தவறும் நாட்கள் புற்றுநோய்க் கலங்கள் மீண்டும் பெருக இடமளிக்கும். உங்கள் பிள்ளை அடுத்தமுறை மொழிபெயர்க்கையில், ஏன் இத்தனை கிழமை என்பதை அவரே உங்களுக்கு விளக்கட்டும்.