உறைந்த கறி: எது வாங்கலாம், எது வேண்டாம்?

வீட்டுச் சமையலில் வகைவாரியாக ஒரு மதிப்பீடு

நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் மட்டுமே இருந்த ஃப்ரீசர் பெட்டி இப்போது சின்ன ஊர்களின் மளிகைக்கடை வரை வந்துவிட்டது. ஐஸ்கிரீமுக்குப் பக்கத்திலேயே கோழி, காடை, மீன், இறால், நக்கெட்ஸ் என்று பாக்கெட்டுகள் அடுக்கியிருக்கின்றன. வேலை முடித்துப் பொழுது சாய்ந்து வீடு திரும்புபவர்களுக்கு இது வசதிதான். ஆனால், வாரத்துக்கு ஒருநாள் கறி எடுக்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு பாக்கெட் ஏமாற்றிவிட்டால், அந்த வாரக் காசும் போகும், ருசியும் போகும். உருக்கும் முறை தவறினால் வயிற்றுக்கும் கேடு.

இங்கே ஒவ்வொரு வகையும் சாதாரண வீட்டு அடுப்பில், வழக்கமான மசாலாவில் செய்யும் குழம்பு, வறுவலை வைத்து, புதுக்கறியோடு ஒப்பிட்டு மதிப்பிடப்பட்டிருக்கிறது. மென்மைக்கும் ருசிக்கும் 4, உருகும்போது தண்ணீர் விடாமல் இருப்பதற்கு 2, சமைக்க எளிதாக இருப்பதற்கு 2, கொடுத்த காசுக்கு 2 என மொத்தம் 10 மதிப்பெண். இது கம்பெனிகளுக்கான மதிப்பெண் அல்ல, கறி வகைக்கானது.

உறையும்போது கறிக்கு என்ன ஆகிறது?

கறியில் முக்கால் பங்கு தண்ணீர். மெதுவாக உறைந்தால் அந்தத் தண்ணீர் பெரிய பெரிய ஐஸ் ஊசிகளாக மாறித் தசையைக் கிழிக்கும். பிறகு உருக்கும்போது கிழிந்த இடம் வழியாகச் சாறு வடிந்து, கறி சக்கையாகும். மைனஸ் 35, மைனஸ் 40 டிகிரி குளிர்காற்றில் வேகமாக உறைய வைத்தால் ஊசிகள் பொடியாக இருக்கும்; சாறும் அவ்வளவாக வடியாது. நல்ல தொழிற்சாலையில் உறைந்த கறிக்கும், வீட்டு ஃபிரிட்ஜில் உறைந்த கறிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. உருகியதும் அவை விழித்துக்கொள்ளும். 5 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில் வேகமாகப் பெருகும். அதனால்தான் மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே வைத்திருக்கும் கடையில் மட்டுமே வாங்க வேண்டும்.

மதிப்பெண் பட்டியல்

முழுக்கோழி, எலும்புள்ள துண்டுகள் – 8: பிராய்லர் இளங்கறி என்பதால் உறைந்தாலும் மென்மை அதிகம் கெடுவதில்லை. எலும்பும் தோலும் சாற்றைப் பிடித்து வைக்கின்றன. குழம்புக்கும் மிளகு வறுவலுக்கும் புதுக்கறியோடு பெரிய வித்தியாசம் தெரியாது.

காடை – 8: ஐந்து வாரத்தில் அறுக்கும் சின்னப் பறவை. உடம்பு சிறியதாக இருப்பதால் வேகமாக உறைகிறது, வேகமாக உருகுகிறது. இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள் தடவி வறுத்தால் போதும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று என்று கணக்காக வாங்கலாம்.

இறால் – 7: இந்தியக் கடல் உணவு ஏற்றுமதியில் முதலிடம் உறைந்த இறாலுக்குத்தான். உறைய வைப்பதில் நல்ல அனுபவம் உள்ள தொழில். தொக்கு செய்தால் ருசி நிற்கிறது. நான்கைந்து நிமிடத்துக்கு மேல் வேகவிட்டால் ரப்பராகிவிடும். மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் மேலே பூசியிருக்கும் ஐஸ். அதைப் பற்றிக் கீழே பார்க்கலாம்.

கொழுப்பு குறைந்த கடல் மீன் (கொடுவா, சங்கரா) – 7: புளி ஊற்றிய குழம்புக்கு நன்றாக இருக்கும். வறுக்கும் முன் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்காவிட்டால் கல்லில் ஒட்டி உடையும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாள்களில் நாள்பட்ட ஐஸ் மீனைவிட, ஒழுங்காக உறைந்த மீன் மேல்.

ஆட்டுக்கறித் துண்டுகள் – 6: குக்கரில் கூடுதலாக இரண்டு விசில் கேட்கும். குழம்புக்குப் பரவாயில்லை, சுக்காவுக்குச் சாறு போதவில்லை. ஊரில் கண்ணெதிரே அறுத்துக் கொடுக்கும் கறிக்கடை இருக்கும்போது, இதைத் தேடி வாங்கத் தேவையில்லை.

எலும்பில்லாத நெஞ்சுக்கறி – 6: சாறு வடிந்து சீக்கிரம் உலர்ந்துபோகும். தயிரில் அரைமணி நேரம் ஊறவைத்துச் சிறு துண்டுகளாகச் செய்தால் தப்பிக்கலாம்.

கொத்துக்கறி – 5: அரைத்த கறியில் காற்றும் கிருமியும் படும் பரப்பு அதிகம். என்ன கறி, எந்தப் பகுதி என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. கோலா உருண்டை வேண்டுமென்றால் துண்டுக்கறி வாங்கி வீட்டில் அரைப்பதே நல்லது.

பாசா மீன் துண்டு – 5: முள் இல்லை, வாடை இல்லை, ருசியும் அதிகம் இல்லை. பாக்கெட்டில் ‘பாஸ்பேட்’ என்று போட்டிருந்தால், தண்ணீரைப் பிடித்து வைக்கும் உப்பு சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். வாணலியில் அந்தத் தண்ணீர் முழுக்க வெளியே வரும்.

மத்தி, அயிலை – 4: கொழுப்புள்ள மீன்கள். உறைந்த நிலையிலும் கொழுப்பு காற்றுபட்டுச் சிக்கு வாடை அடிக்கும். இவற்றைப் புதிதாக, மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி அன்றே சமைப்பதுதான் சரி.

நக்கெட்ஸ், சாசேஜ் – 3: பொரித்து வைத்தால் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும். ஆனால் கறியோடு மாவும் எண்ணெயும் உப்பும் சேர்ந்த பண்டம் இது. பின்பக்கம் கோழிக்கறி எத்தனை சதவிகிதம் என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு, கறிக்கடை விலையோடு கணக்குப் பார்த்தால் கை தானாகப் பின்வாங்கும்.

ஐஸுக்குக் காசு கொடுக்கிறோமா?

இறால், மீன் துண்டுகள் காய்ந்துபோகாமல் இருக்க அவற்றின்மேல் மெல்லிய ஐஸ் பூச்சு கொடுப்பது வழக்கமான தொழில்முறைதான். ஆனால் பாக்கெட்டில் போடும் நிகர எடையில் அந்த ஐஸைச் சேர்க்கக் கூடாது. சோதிப்பது எளிது. பாக்கெட்டைப் பிரித்து, மேல் ஐஸ் கரையும்வரை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் அலசி, வடிகட்டி, வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம்.

கிலோ 600 ரூபாய் என்று வாங்கியதில் 800 கிராம்தான் மிஞ்சுகிறது என்றால், உண்மையில் கிலோ 750 ரூபாய் ஆகிறது. ஒருமுறை இப்படி நிறுத்துப் பார்த்தால், அடுத்த முறை எதை வாங்குவது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

* பாக்கெட் கல் மாதிரி இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது.
* உள்ளே பனித்தூள் கட்டியாகச் சேர்ந்திருந்தாலோ, பாக்கெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ, நடுவில் ஒருமுறை உருகி மீண்டும் உறைந்திருக்கலாம். வேண்டாம்.
* வெள்ளை, சாம்பல் நிறத் திட்டுகள் குளிரில் காய்ந்துபோனதற்கான அடையாளம். உடம்புக்குக் கேடில்லை, ஆனால் சக்கையாக இருக்கும்.
* உறைய வைத்த தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், பழுப்பு முக்கோண அசைவக் குறி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.
* கடைசியாக வாங்கும் பொருளாக இது இருக்கட்டும். செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, நேராக வீட்டுக்கு வர வேண்டும்.

உருக்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்

காலையில் பாக்கெட்டை எடுத்துச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, காட்டு வேலை முடித்து வந்து சமைப்பது பல வீடுகளில் நடக்கிறது. நம் ஊர் வெயிலில் வெளிப்பக்கம் சில மணி நேரத்தில் சூடேறிக் கிருமிகள் பெருகிவிடும். உள்ளே இன்னும் ஐஸ் இருக்கும்.

சரியான முறை இரண்டுதான். முதலாவது, முந்தின ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஒரு கிண்ணத்தில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பது. துண்டுக்கறி காலைக்குள் தயாராகிவிடும். முழுக்கோழிக்கு ஒருநாள் தேவை. இரண்டாவது, அவசரத்துக்கு, தண்ணீர் புகாத பையோடு குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்து, அரைமணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுவது. அரைக் கிலோ சுமார் ஒரு மணி நேரத்தில் உருகும். இந்த முறையில் உருக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும். வெந்நீர் ஊற்றுவது கூடவே கூடாது.

வடிந்த சாறு கீரை, காய், சோற்றில் படக் கூடாது. கறி வெட்டிய கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். எலும்பை ஒட்டிய இடத்தில் சிவப்பு தெரியாமல், குத்தினால் தெளிந்த சாறு வரும்வரை வேகவிட வேண்டும்.

நம் வீட்டு ஆடு, கோழியை உறைய வைத்தால்?

புரட்டாசியில் கறி விற்பனை மந்தமாகும். வளர்ந்து முடித்த சேவல்கள் அதற்குப் பிறகும் தீனியைத் தின்றுகொண்டேதான் இருக்கும். திருவிழாவில் அறுத்த ஆட்டிலும் பங்கு போக மிச்சம் நிற்கும். இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டுத் தேவைக்கு உறைய வைப்பது லாபம். சில விஷயங்களில் மட்டும் கவனம் தேவை.

* அறுத்த சூட்டோடு ஃப்ரீசருக்குள் தள்ளக் கூடாது. அறுத்ததும் தசை விறைக்கும். அந்த விறைப்பு தளர்வதற்குள் உறைய வைத்தால், பிறகு எத்தனை விசில் விட்டாலும் கறி இழுபடும். ஃபிரிட்ஜின் கீழ்ப்பகுதியில் கோழியை 4 முதல் 6 மணி நேரமும், ஆட்டுக்கறியை ஒருநாளும் வைத்திருந்து, பிறகு உறைய வைக்க வேண்டும்.
* அரைக் கிலோ பொட்டலங்களாக, தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றிக் கட்ட வேண்டும். தட்டையாக இருந்தால் வேகமாக உறையும். மேலே தேதியை எழுதிவிட வேண்டும்.
* ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் அடைத்தால் உறைவதற்கு நாளாகும். அதற்குள் நடுவில் உள்ளது கெடும்.
* மைனஸ் 18 டிகிரியில் கோழித்துண்டு 9 மாதம், ஆட்டுக்கறி 6 மாதம், ஈரல் 3 மாதம், கொழுப்புள்ள மீன் 2 மாதம் வரை தரம் குறையாது. வீட்டு ஃபிரிட்ஜில் அந்தக் குளிர் எப்போதும் நிற்பதில்லை. அதனால் கோழியும் ஆடும் இரண்டு மாதத்துக்குள், மீனும் ஈரலும் ஒரே மாதத்துக்குள் தீர்ந்துவிடுவது நல்லது.
* நோய்வாய்ப்பட்டதை, செத்ததை உறைய வைக்கவே கூடாது. மருந்து கொடுத்த ஆடு, கோழியை, கால்நடை மருத்துவர் சொல்லும் காத்திருப்பு நாள்கள் முடியும் முன் அறுக்கக் கூடாது. கறியில் தங்கிய மருந்தைக் குளிர் போக்காது.

விற்பனை செய்வதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு அவசியம். இறைச்சி பதப்படுத்தும் பயிற்சி பற்றி மாவட்டத்தில் உள்ள கால்நடை அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் விசாரிக்கலாம்.

வாசகர்கள் கேட்பவை

‘உறைந்த கோழியைச் சமைத்தால் எலும்பு கறுத்துப்போகிறது. கெட்டுவிட்டதா?’

இல்லை. பிராய்லர் இளம் பறவை; எலும்பு முழுமையாகக் கெட்டிப்பட்டிருக்காது. உறைந்து உருகும்போது மஜ்ஜையின் சிவப்பு நிறம் கசிந்து, வெந்ததும் கறுக்கிறது. வாடை சரியாக இருந்தால் சாப்பிடலாம்.

‘மாதக்கணக்கில் கெடாமல் இருக்க மருந்து கலக்கிறார்களா?’

வெறும் கோழி, ஆடு, காடைக்குக் குளிரே போதும், மருந்து தேவையில்லை. சாசேஜ் போன்ற பதப்படுத்திய வகைகளில் நைட்ரைட் போன்றவை சேர்ப்பதுண்டு. பாக்கெட்டில் சேர்மானப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

‘கரண்ட் போய் நெடுநேரம் கழித்து வந்தது. ஃப்ரீசரில் இருந்த கறியை வைத்துக்கொள்ளலாமா?’

கதவைத் திறக்காமல் இருப்பதே முதல் வேலை. கறியில் இன்னும் ஐஸ் துகள் இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம்; ருசி மட்டும் கொஞ்சம் குறையும். முழுக்க உருகியும் ஃபிரிட்ஜ் அளவுக்குச் சில்லென்று இருந்தால் அன்றே சமைத்துவிடலாம். குளிர்ச்சி விட்டு இரண்டு மணி நேரம் தாண்டியிருந்தால் குழிதோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

வீட்டில் இல்லாதபோது கரண்ட் போனதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிட வேண்டும். ஊரிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் போய் உறைந்திருந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தக் கறி அடுப்புக்கு வேண்டாம்.

‘மசாலா தடவி உறைய வைக்கலாமா?’

மஞ்சள், இஞ்சி, பூண்டு, மிளகாய் தடவலாம். உப்பை மட்டும் சமைக்கும்போது சேர்த்துக்கொள்ள வேண்டும். உப்பு பட்ட கொழுப்பு ஃப்ரீசரில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

‘சத்து போய்விடுமா?’

புரதமும் இரும்புச்சத்தும் அப்படியே இருக்கும். வடியும் சாற்றோடு பி வைட்டமின் கொஞ்சம் போகும். கறியை மெதுவாக, குளிரிலேயே உருக்கினால் அந்த இழப்பும் குறையும்.