உங்களுக்குத் தெரியுமா? கடலைத் தோலை அளக்க ஒயின் உணரி

2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குக் கடலையை வறுத்துத் தோலைப் புடைத்து நீக்குகிறார்கள். வீணாகும் அந்தச் செந்தோலில் கேட்டகின், புரோசயனிடின் ஆகிய பாலிபீனால்கள் செறிந்துள்ளன. சிவப்பு ஒயினின் துவர்ப்பும் இந்தக் குடும்பத்தால்தான். ஆகவே ஒயினுக்கென உருவான உயிர் உணரியைத் தோல் சாற்றிலும் சோதித்துப் பார்க்கலாம். உணரியின் மின்முனையில் ஒட்டியிருக்கும் டைரோசினேஸ் நொதி (நறுக்கிய கத்தரிக்காயைக் கறுக்க வைப்பதும் இவ்வகை நொதியே) பாலிபீனாலைக் குயினோனாக மாற்றும். குயினோன் மின்முனையில் எலக்ட்ரானைப் பெற்று மீளும்போது எழும் மின்னோட்டமே அளவு. மொத்தப் பாலிபீனாலை அளக்கும் வழக்கமான ஃபோலின் சோதனை போதாதா என்றால், அது வைட்டமின் சி, சல்பைட்டுடனும் வினைபுரிந்து அளவைக் கூட்டிக் காட்டிவிடும். நொதியும் எல்லாப் பாலிபீனாலையும் ஒன்றுபோல் உணராது என்பது மெய்தான். அதனால் கேட்டகினை அளவுகோலாக வைத்து, ஒரே ரகக் கடலையின் பச்சைத் தோலையும் வறுத்த தோலையும் ஒப்பிடுவதே சரி.