ஒரே மேசையில் மூன்று பேரம்

பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதிய கார் எடுக்கும்போது ஷோரூம் மேசையில் நடப்பது ஒரு வியாபாரம் போலத் தெரியும். உண்மையில் அங்கே மூன்று நடக்கின்றன. பழைய வண்டியை விற்பது, புதிய வண்டியை வாங்குவது, அதற்கான கடனையும் இன்சூரன்ஸையும் எடுப்பது. டீலர் மூன்றையும் ஒரே தாளில் கலந்து எழுதிக் காட்டுவார். புதிய காரில் இருபதாயிரம் தள்ளுபடி கிடைத்ததில் மகிழ்ந்து போனவருக்கு, பழைய காரின் மதிப்பில் நாற்பதாயிரம் குறைந்திருப்பது கண்ணில் படாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை கேட்டு வாங்குபவர்தான் கடைசியில் எவ்வளவு கொடுத்தோம் என்பதைச் சரியாகச் சொல்ல முடியும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: பழைய வண்டியை மாற்றத்தான் வேண்டுமா? சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் வந்த தடையைப் படித்துவிட்டு இங்கேயும் அவசரமாக விற்கிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அப்படியொரு தடை இல்லை. ஆனால் பழைய வண்டியை வைத்திருக்கும் செலவு ஏறிவிட்டது. 2022 ஏப்ரலில் காரின் மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி.

டயர், பேட்டரி, கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ் ஆகியவை தேய்வது வண்டியின் குற்றமல்ல. மாற்றினால் மீண்டும் ஓடும். மெக்கானிக் “இன்ஜினைப் பிரிக்கணும்” என்று சொல்வதும், கடற்கரைக் காற்றில் அடித்தளம் துருப்பிடிப்பதும் வேறு வகை. அந்தச் செலவு வண்டியின் விற்பனை மதிப்பில் பாதியை எட்டினால் யோசிக்க வேண்டும். உற்பத்தியாளர் நாட்டை விட்டே போய்விட்டாலும் அப்படித்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இந்தியாவில் செவர்லே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் இங்கே கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அவற்றின் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. ஆனால் விற்கப் போனால் விலை கேட்பவர் முதலில் கேட்பது உதிரிபாகம் பற்றித்தான்.

மாற்றுவதற்கு வலுவான காரணம் பாதுகாப்பு. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் பரவலாக விற்ற ஐந்து சிறிய கார்களின் ஏர்பேக் இல்லாத வடிவங்களை மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். அதன்பின் ஏபிஎஸ் பிரேக்கும் ஓட்டுநர் ஏர்பேக்கும் 2019-இல் கட்டாயமாயின. முன் இருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் 2021-இல் கட்டாயமானது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுச் சோதனை முறையே நடைமுறையில் இருக்கிறது. முன்பக்க மோதல் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நடத்தப்படுகிறது. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. சோதனைக்கு அனுப்புவது நிறுவனத்தின் விருப்பம் என்பதால், நட்சத்திரமே இல்லாத காரும் கடையில் இருக்கும். அதை ஏன் அனுப்பவில்லை என்று விற்பனையாளரிடம் கேட்பதில் தவறில்லை.

இனி எந்த வண்டி என்ற கேள்வி. பெரும்பாலானோர் மாடலில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதில். பெட்ரோலா டீசலா என்பது வெறும் கூட்டல் கழித்தல்தான். ஒரே மாடலின் டீசல் வண்டி ஒன்றேகால் லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் டீசல் வண்டி 20 கிலோமீட்டரும் கொடுத்தால், பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் விலையில் கிலோமீட்டருக்கு மிச்சமாவது இரண்டு ரூபாய் சொச்சம். கூடுதலாகக் கொடுத்ததை மீட்க 60,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது ஏழரை ஆண்டு. தவிர, 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்குப் பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். தினமும் பள்ளிக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போய்வரும் டீசல் காரில் எச்சரிக்கை விளக்கு எரிவது இதனால்தான்.

மின்சாரக் கார் யாருக்குப் பொருந்தும் என்பதை வீட்டு வாசலே முடிவு செய்யும். சொந்த நிறுத்துமிடமும் அங்கே ஒரு 15 ஆம்பியர் பிளக்கும் இருந்தால் இரவில் சார்ஜ் போட்டுக் காலையில் கிளம்பலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர், சங்கத்தின் சம்மதமும் தன் மீட்டரிலிருந்து இணைப்பும் கிடைக்குமா என்பதை புக்கிங்குக்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். சி.என்.ஜி. வண்டியில் எரிபொருள் செலவு குறையும். டிக்கியின் பெரும்பகுதி சிலிண்டருக்குப் போய்விடும்.

விளம்பரத்தில் சொல்லும் மைலேஜ் ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டி எடுத்தது. ஏ.சி. போட்டு நகரத்தில் ஓட்டும்போது அதில் கால் பங்கு குறைந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

கியரில் இப்போது நகரவாசிகள் ஆட்டோமேட்டிக் பக்கம் சாய்கிறார்கள். ஆனால் ஆட்டோமேட்டிக் எல்லாம் ஒன்றல்ல. விலை குறைந்த ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பெட்டியில் கிளட்சை இயந்திரமே மிதிப்பது. மெதுவாக ஊரும் நெரிசலில் தலை லேசாக முன்னும் பின்னும் ஆடும். சி.வி.டி.யும் டார்க் கன்வெர்ட்டரும் வழுக்கிக்கொண்டு போகும், விலையும் கூடும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் உள்ள எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய், ஏ.சி.யை முழுதாக வைத்து, ஒரு மேம்பாலத்தின் நடு ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பிப் பார்க்க வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மாவோ மாமியாரோ பின் இருக்கையில் ஏறி இறங்கிக் காட்டினால் பாதி மாடல்கள் பட்டியலிலிருந்து தாமாகவே விழுந்துவிடும்.

நான்கு மீட்டர் என்ற அளவு இந்தியக் கார் சந்தையில் ஒரு கோடு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் இன்ஜினும் (டீசலானால் 1,500 சி.சி.) கொண்ட கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. மின்சாரக் காருக்கு 5. இந்த வரி ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடுவதால் வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கண்ணுக்குத் தெரிவது சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்திய விகிதப்படி ஐந்து லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்தில் இருக்கும் இந்தத் தாவலைக் கவனிக்க வேண்டும். 9,90,000 ரூபாய் வேரியண்டுக்கு வரி 1,28,700. இன்னும் இருபதாயிரம்தானே என்று 10,10,000 ரூபாய் வேரியண்டுக்குப் போனால் வரி 1,81,800. இருபதாயிரம் கூடுதல் என்று நினைத்தது 73,100 ஆகிவிடுகிறது. பத்து லட்சத்தைத் தாண்டிய காருக்கு வருமான வரிக் கணக்கில் ஒரு சதவீதம் டி.சி.எஸ். வசூலிப்பார்கள். அது ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது திரும்ப வரும்; ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போக வேண்டும். சன்ரூஃப் ஆசைக்கு இது கொஞ்சம் அதிக விலை.

ஆகவே ஷோரூமில் கேட்க வேண்டியது வரிவரியாகப் பிரித்து எழுதிய ஆன் ரோடு விலைப்பட்டியல். ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் ஆகியவை இருந்தே ஆக வேண்டியவை. ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், எசென்ஷியல் கிட் என்ற பெயர்களில் வருபவை அரசுக்குப் போகிற பணமல்ல. எதற்கு என்று எழுத்தில் கேட்டாலே பல இடங்களில் அந்த வரி மறைந்துவிடும். ஃப்ளோர் மேட்டும் மட் ஃப்ளாப்பும் பேரத்தில் இலவசமாக வரக்கூடியவை. சீட் கவரை மட்டும் யோசித்துப் போட வேண்டும். இருக்கையின் பக்கவாட்டிலிருந்து விரியும் ஏர்பேக் உள்ள காரில், அதற்கென்று தைக்காத உறை ஏர்பேக்கைத் தடுத்துவிடும்.

இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுக்கு எடுத்தாக வேண்டும். சொந்தச் சேதத்துக்கான பகுதியை ஓராண்டுக்கு எடுத்தால் போதும். வெளியே இரண்டு இடங்களில் விலை கேட்டுவிட்டு வந்தால் டீலரின் தொகையும் இறங்கும். வெள்ளம் தேங்கும் பகுதியில் வசிப்பவர்கள் இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்ப்பது நல்லது. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் வரும் சேதத்தைச் சாதாரண பாலிசி பெரும்பாலும் ஏற்பதில்லை.

பழைய காரில் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டியவர்கள் தவறவிடும் பணம் ஒன்று உண்டு. நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்குச் சேர்ந்தது. ஐந்து ஆண்டு க்ளெய்ம் இல்லாதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கழிவு. பழைய காரை விற்றதும் காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழ் வாங்கினால் மூன்று ஆண்டுக்குள் புதிய காரின் பாலிசிக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிய காருக்குத்தான் பிரீமியம் அதிகம், ஆகவே கழிவும் அங்கேதான் பெரிதாக இருக்கும்.

கடனில் ஈ.எம்.ஐ. மட்டும் பார்ப்பது ஏமாற்றும். எட்டு லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் மாதம் சுமார் 16,600. மொத்த வட்டி சுமார் 1,96,000. அதையே ஏழு ஆண்டாக நீட்டினால் மாதம் 12,900 ஆகக் குறையும், வட்டி 2,81,000 ஆக ஏறும். ஏழாவது ஆண்டில் வண்டியின் விலை எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய காருக்கு டீலரின் எக்ஸ்சேஞ்ச் விலை, பயன்படுத்திய கார் நிறுவனங்களின் விலை, தெரிந்த மெக்கானிக் மூலம் வரும் நேரடி வாங்குபவரின் விலை என மூன்றையும் கேட்க வேண்டும். நேரடி விற்பனையில் பொதுவாகத் தொகை அதிகம், அலைச்சலும் அதிகம். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்பது பழைய வண்டியின் விலை அல்ல. அது புதிய வண்டியின் தள்ளுபடி. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிச் சொன்னால் பிரித்துக் கேட்க வேண்டும். ஓடவே தகுதியில்லாத வண்டியைப் பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டுபவருக்குப் புதிய காரின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதிகள் இடம் தருகின்றன.

புக்கிங் பணத்தை நிறுவனத்தின் கணக்கில்தான் செலுத்த வேண்டும், விற்பனையாளரின் சொந்த எண்ணுக்கு ஜிபே செய்யக்கூடாது. ரசீதில் வேரியண்ட், நிறம், எதிர்பார்க்கும் டெலிவரி தேதி, ரத்து செய்தால் பிடிக்கும் தொகை நான்கும் இருக்க வேண்டும். இடையில் விலை ஏறினால் டெலிவரி நாளின் விலையே செல்லும் என்பது பொதுவான நிபந்தனை. ஆடியிலும் மார்கழியிலும் பலர் வண்டி எடுக்க மாட்டார்கள் என்பதால் அந்த மாதங்களில் தள்ளுபடி தாராளமாக இருக்கும். டிசம்பரில் ஒன்று மட்டும் கவனம்: ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் பதிவாகும், மறுவிற்பனையில் விலை அதை வைத்துத்தான். ஆண்டுக் கடைசி வண்டிக்குக் கிடைக்கும் தள்ளுபடி அந்த ஓராண்டு இறக்கத்தை ஈடுகட்டினால் எடுக்கலாம்.

வண்டி யார்டுக்கு வந்ததும், பதிவுக்கு முன்பே போய்ப் பார்ப்பது முக்கியம். பதிவான பின் குறை கண்டால் வேறு வண்டி கேட்பது கடினம். பகல் வெளிச்சத்தில் பெயிண்டின் நிறம் எல்லாக் கதவுகளிலும் ஒன்றாக இருக்கிறதா, ஓடோமீட்டரில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2425 என்றால் 2025-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் தயாரான டயர். ஐந்து டயரும் ஏறக்குறைய ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். 17 எழுத்துள்ள சேசிஸ் எண்ணைப் போட்டோ எடுத்து இன்வாய்ஸ், இன்சூரன்ஸ், படிவம் 22 மூன்றிலும் ஒப்பிட வேண்டும். எலுமிச்சம்பழம் நசுக்குவது அதற்குப் பிறகு.

பழைய வண்டியைச் சாவி கொடுத்து அனுப்பியதோடு பொறுப்பு தீர்ந்துவிடாது. ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் படிவம் 29 மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் படிவம் 30 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். பழைய கடன் பாக்கியில்லை என்றால் படிவம் 35-உம் வங்கியின் சான்றும் சேர்ந்து போக வேண்டும். வாங்கியவரின் ஆதார் நகல், வண்டி கைமாறிய தேதியும் நேரமும் எழுதிய ரசீது, பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, கடைசியாகப் பழைய ஃபாஸ்டேக்கை முடக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் போகும் சுங்கச்சாவடிக்கெல்லாம் இவருடைய கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருக்கும்.